செயலாளரின் ஆண்டறிக்கை: குறைந்த ஆற்றல் ஒலிபரப்பும் நமது சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பதால், சங்கத்தின் பணிகளை மட்டும் இங்கே முன்வைக்கிறேன்.

நமது வானொலி ஆர்வலர் சங்கத்தில் இவ்வாண்டு சேர்ந்த இளைஞர்கள் பலரும் ஒரே கேள்வியோடு வந்தார்கள். தெருவளவில் மட்டும் கேட்கும் சிறிய எஃப்.எம். ஒலிபரப்பியை நாமே செய்து, திருவிழா நிகழ்ச்சிகளை ஏன் ஒலிபரப்பக் கூடாது என்பதே அது. இந்தியாவில் தனிநபர் பொழுதுபோக்காக எஃப்.எம். ஒலிபரப்பு நடத்த உரிமம் என்று ஒன்று கிடையாது என்பதை அவர்களுக்கு முதலில் விளக்கினோம். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஆகியவற்றின் காலத்திலிருந்தே அனுமதி கட்டாயம். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமோ அனுமதியற்ற சேவைக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது.

பீகாரின் மன்சூர்பூரில் ரேடியோ பழுதுபார்த்துவந்த இளைஞர் ஒருவர் சுமார் 50 ரூபாய்ச் செலவில் உருவாக்கிய நிலையத்தை, சுற்றுவட்டார மக்கள் விரும்பிக் கேட்டும், உரிமம் இல்லாததால் 2006இல் அதிகாரிகள் மூடினார்கள். அந்தத் திறமைக்கு அன்று முறையான வழி ஏதும் இல்லாமற்போனது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

ஆயினும் விதியின் காரணத்தை உறுப்பினர்கள் கண்ணால் காண வேண்டும் என்று விரும்பினோம். எஃப்.எம். பட்டை முடியும் 108 மெகாஹெர்ட்ஸிலேயே விமான வழிகாட்டுக் கருவிகளுக்கான பட்டை தொடங்குகிறது. 118க்கு மேல் விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்கிறார்கள். தேவையற்ற அலைகளைத் தடுக்கும் வடிகட்டி இல்லாத மலிவான ஒலிபரப்பி, குறித்த அலைவரிசையில் நில்லாமல் நகர்வதோடு, வேண்டாத அலைகளை வேறு அலைவரிசைகளிலும் உமிழக்கூடும். உரிமம் பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர், ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்கான பட்டையில் 145 மெகாஹெர்ட்ஸில், ஆன்டெனாவுக்குப் பதில், ஆற்றலை வெளியே பரப்பாமல் வெப்பமாக்கும் டம்மி லோடு இணைத்து, இருமடங்கான 290இல் எழும் வேண்டாத அலையை (இரண்டாம் ஹார்மோனிக்கை), எந்த அலைவரிசையில் எவ்வளவு வலிமை என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையில் காட்டினார். வடிகட்டி சேர்த்ததும் அது தாழ்ந்ததைப் பார்த்தபின், ஆற்றல் குறைவு என்பது மட்டுமே பாதுகாப்பாகாது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

ஹாம் உரிமம் பெற்றால் ஒலிபரப்பலாம் என்ற எண்ணமும் சிலருக்கு இருந்தது. 1978ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகள் இசையையும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளையும் அனுப்பத் தடை விதிக்கின்றன. அது ஒருவரோடொருவர் பேசவும் சோதனை செய்யவும் தரப்படும் உரிமம். அதற்கான தேர்வுக்கு வார இறுதி வகுப்புகள் தொடர்ந்து நடைபெற்றன.

முறையாக ஒலிபரப்ப விரும்புவோருக்கு இன்றுள்ள வழி, உள்ளூர் மக்களுக்காக இலாப நோக்கின்றி நடத்தப்படும் சமுதாய வானொலியே. 2004இல் சென்னையில் அண்ணா எஃப்.எம். தொடங்கியபோது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே இருந்த இவ்வாய்ப்பு, 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் விரிந்தது. பாம்பனில் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசை அவ்வழியில் வந்ததே. விண்ணப்பிக்கும் அமைப்பு பதிவு பெற்றதாகவும், குறைந்தது 3 ஆண்டுகள் சமுதாயப் பணி செய்ததாகவும் இருக்க வேண்டும். 100 வாட் வரையிலான கதிர்வீச்சு ஆற்றல் நம் ஊருக்குத் தாராளமாகப் போதும்; செய்தியைப் பொறுத்தவரை ஆகாசவாணியின் செய்தியையே மறு ஒலிபரப்புச் செய்யலாம்.

ஆனால் ஒரு தெருவுக்கு மட்டும் கேட்க விரும்பும் ஆர்வலருக்கு இது மிகப் பெரிய ஏற்பாடு. அமெரிக்காவில் மத்திய அலையில் 100 மில்லிவாட் ஆற்றலையும் 3 மீட்டர் ஆன்டெனாவையும் மீறாமல் உரிமமின்றி ஒலிபரப்ப இடமுண்டு. இங்கும் 2023இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் குறைந்த ஆற்றல், குறுந்தூர எஃப்.எம். குறித்து ஆராய்ந்தது; ஆனால் அதன் நோக்கம் காரில் அமர்ந்து படம் பார்க்கும் திரையரங்குகள் போன்ற இடங்களே. ஆர்வலர்களுக்கும் கடுமையான தொழில்நுட்ப வரம்புகளோடு ஒரு சிறு பிரிவு வேண்டும் என்பது செயற்குழுவின் ஒருமனதான கருத்து. அதற்கான கோரிக்கை மனுவின் வரைவு உங்கள் முன் உள்ளது. சமுதாய வானொலிக்கு நம் சங்கம் விண்ணப்பிப்பது பற்றி ஆராய ஒரு துணைக்குழு அமைக்கும் தீர்மானத்தையும் அதனோடு சேர்த்து ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

பணிவன்புடன்,
செயலாளர்