பொன்னாடைக்கு முன் ஒரு அரை மணி நேரம்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் ஒரு பல்கலைக்கழக அரங்கில் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம், பல இடங்களில் இதே கதைதான். வெளிநாட்டு முன்னாள் அமைச்சர் ஒருவர் மனித உரிமை பற்றிப் பேச வந்திருந்தார். வரவேற்புரை, அறிமுகவுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து அவர் கைக்கு மைக் போகவே முக்கால் மணி நேரம் ஆனது. கேள்விகளை முதல் நாளே துண்டுச்சீட்டில் எழுதித் துறையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. மூன்றை மட்டும் பேராசிரியர் வாசித்தார். அதில் ஒன்று, "இளைஞர்களுக்கு உங்கள் அறிவுரை என்ன?" என் பக்கத்தில் இருந்த மாணவியின் சீட்டு மேடைக்கு வரவே இல்லை. அப்புறம் பொன்னாடை, நினைவுப் பரிசு, கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் கோப்புக்கு இடம் பதிந்த ஜியோடேக் போட்டோ, நாட்டுப்பண். இப்படிப்பட்ட கூட்டங்களில் மாணவர் கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1966 ஜூனில் அமெரிக்க செனட்டர் ராபர்ட் கென்னடி தென்னாப்பிரிக்கா போனார். அழைத்தது அரசு இல்லை, நூசாஸ் என்ற மாணவர் சங்கம். அதன் தலைவர் இயன் ராபர்ட்சன் மீது நிறவெறி அரசு முந்தின மாதம்தான் தடையாணை போட்டிருந்தது. தான் ஏற்பாடு செய்த கூட்டத்துக்கே அவர் வர முடியாது. ஜூன் 6 அன்று கேப் டவுன் பல்கலைக்கழக மேடையில் அவருக்கான நாற்காலியைக் காலியாகவே போட்டுவைத்தார்கள். கென்னடி எடுத்த எடுப்பில் ஒரு நாட்டை வர்ணித்தார்: டச்சுக்காரர்கள் குடியேறியது, பிறகு பிரிட்டிஷார் கைக்குப் போனது, பூர்வகுடிகளை அடக்கியது, அடிமைகளை இறக்குமதி செய்தது. தென்னாப்பிரிக்காவைத்தான் சொல்கிறார் என்று நினைக்க வைத்துவிட்டு, நான் சொல்வது அமெரிக்காவை என்றார். தன் வீட்டு அழுக்கை முதலில் சொல்கிற விருந்தினர் நமக்கு எத்தனை பேர் வாய்த்திருக்கிறார்கள்?

ஆனால் அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்தது எழுதி வைத்துப் பேசிய உரை இல்லை. டர்பனில், நேட்டால் பல்கலைக்கழகத்தில், கறுப்பர்களைக் கடவுள் ஊழியம் செய்யத்தான் படைத்தார் என்று ஒருவர் வாதாடினார். கடவுளே கறுப்பராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கென்னடி திருப்பிக் கேட்டார். பதில் இல்லை, அமைதிதான் என்று பின்னர் அவரே எழுதினார். கேள்வி நேரம் இல்லாவிட்டால் அந்த வரி பிறந்தே இருக்காது.

விருந்தினர் சங்கடப்படுவாரே என்கிறீர்களா? 2007 செப்டம்பர் 24 அன்று ஈரான் அதிபர் அகமதிநெஜாத் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேசினார். பல்கலைக்கழகத் தலைவர் லீ பொலிஞ்சர் வரவேற்புரையிலேயே அவரைக் கொடுங்கோலன் என்று சொன்னது, என்னைக் கேட்டால், அழைத்த வீட்டுக்கு அழகில்லை. கேள்வி நேரம்தான் வேலை செய்தது. அங்கேயும் கேள்விகளை வாசித்தவர் ஒரு பேராசிரியர்தான். ஆமாவா, இல்லையா சொல்லுங்கள் என்று அவர் விடாமல் கேட்டார். உங்கள் நாட்டில் இருப்பதுபோல் எங்கள் ஈரானில் தன்பாலீர்ப்பாளர்கள் இல்லை என்று அதிபர் சொன்னபோது அரங்கமே சிரித்தது. பொலிஞ்சரின் வசவை விட அந்தப் பதில்தான் அவரை அதிகம் காட்டிக்கொடுத்தது.

சீட்டில் எழுதி வாங்குங்கள், சரி. பொறுக்குகிற வேலையை மட்டும் மாணவர்களிடம் விடுங்கள். வாழ்த்துரைகளைக் குறைத்தால் கேள்விகளுக்கு அரை மணி நேரம் தானாகக் கிடைக்கும். விருந்தினரை அழைக்கும் கடிதத்திலேயே இதை எழுதிவிட்டால் வருகிறவரும் தயாராக வருவார்.

வாசிக்கப்படாத அந்தச் சீட்டில் இருந்ததை வெளியே வந்தபின் அந்த மாணவி எனக்குச் சொன்னாள்: "நீங்கள் அமைச்சராக இருந்தபோது உங்கள் நாட்டுச் சிறைகளில் எத்தனை பத்திரிகையாளர்கள் இருந்தார்கள்?"

இப்படிக்கு,
அரங்கின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பழைய மாணவன்