நீலக் கொடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தோள்வலி குறைந்து மறுபடி கிளாஸ் எடுக்கிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

போன ஞாயிறு ஒரு கராத்தே போட்டியில் கட்டாவுக்கு, அதாவது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்துகாட்டும் அசைவு வரிசைக்கு, நடுவராக உட்கார்ந்தேன். கொடி முறைதான். ஐந்து நடுவர்கள், ஆளுக்கொரு சிவப்புக் கொடி, ஒரு நீலக் கொடி; யார் மேல் என்று படுகிறதோ அவர் நிறத்தைத் தூக்க வேண்டும். பெண் பிள்ளைகள், எல்லோருக்கும் பதினொன்று பன்னிரண்டு வயது. சிவப்பு பெல்ட் கட்டியவள் உன்சு என்ற கட்டாவைச் செய்தாள். சுழன்று தாவும் இடத்தில் ஒரே கைதட்டல். ஆனால் இறங்கி எழும்போது தடுமாறினாள். குத்துக்குக் குத்து உஸ்ஸென்று மூச்சுச் சத்தம் வேறு. அது தப்பு என்று விதியிலேயே இருக்கிறது.

நீலம் கட்டியவள் செய்தது செயென்சின் என்ற கட்டா. அதில் ஒரு உதைகூடக் கிடையாது. தொடக்கத்தில் ஷிகோ டாச்சியில், கால்களை அகட்டி முழங்காலை மடக்கித் தாழ்ந்து, கோணலாக மூன்று முறை முன்னேற வேண்டுமே, நம் மாஸ்டர் தொடை நடுங்க நடுங்க நிறுத்தி வைப்பாரே, அதே இடம். மூன்று முறையும் அவள் தலை ஒரே மட்டத்தில் போனது. பேன்ட் துணி நடுங்குவது என் நாற்காலியிலிருந்தே தெரிந்தது. இடுப்பு மட்டும் எழவே இல்லை.

விசில் அடித்ததும் நீலத்தைத் தூக்கினேன். மற்ற நான்கும் சிவப்பு.

அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கை போனில் பேசிக்கொண்டே பார்த்தோமே, அங்கே ஏழு நடுவர்கள். நுட்பத்துக்கு 70 சதவீதம். வலு, வேகம், சமநிலைக்கு 30. மேலே இரண்டு, கீழே இரண்டு மதிப்பெண்ணைத் தள்ளிவிட்டு மிச்ச மூன்றைத்தான் கூட்டினார்கள். அப்படியும் பெண்கள் இறுதியில் சாண்ட்ரா சான்செஸுக்கு 28.06, கியோ ஷிமிசுவுக்கு 27.88. அந்த முறையில் என் மதிப்பெண்ணைத் தள்ளியிருப்பார்களோ, நான்தான் தப்பாகப் பார்த்தேனோ என்று புரண்டு கொண்டிருந்தேன். அப்புறம் அங்கே ஆண்கள் கட்டாவில் தங்கம் வென்ற ஒக்கினாவாவின் ரியோ கியுனா நினைவுக்கு வந்தார். 28.72 வாங்கினாரே, அன்று நீ அவருடைய வேகத்தைப் பேசவில்லை. "நிக்கிறான் பாரு, நிக்கிறான் பாரு" என்றுதான் கத்தினாய். பதக்க மேடையில் அம்மா படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அப்போது இரண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை.

நம் ஊர்ப் போட்டி முடிந்ததும் அந்த நீல பெல்ட் பெண்ணின் பயிற்சியாளர், "அடுத்த தடவை இவளுக்கும் உன்சு சொல்லிக்கொடுத்துடுறேன் சார்" என்றார். இன்னும் ஒரு வருடமாவது செயென்சினை விடவேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். கேட்பாரா தெரியவில்லை.

மே மாதம் நீ வரும்போது அவளை நீயும் ஒருதடவை பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு நீ எந்தக் கொடியைத் தூக்கியிருப்பாய் என்று மறைக்காமல் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஜோடி