பலகையில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது

பழைய வாகனக் கண்காட்சிகள் நடத்தும் விழாக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் கண்காட்சியில் ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஒரு சின்னப் பலகை நிற்கிறது. வண்டியின் பெயர், தயாரான ஆண்டு, எத்தனை சிசி, எந்த நாட்டு வண்டி, உரிமையாளர் யார் என்று அதில் எழுதியிருக்கும். வண்டியைப் பார்க்கும் முன் பலகையைப் படிக்கிற ஆள் நான். படித்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் வரும்: இதை எழுப்பி நிறுத்தியது யார்? துருவேறிக் கிடந்த மட்கார்டைத் தட்டி நேராக்கியவர், கடையில் கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்து கொடுத்தவர், டேங்கில் கோடு இழுத்தவர், இவர்களில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. அந்த இரண்டு வரியைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் திருவொற்றியூர்க்காரன். என்னிடம் இருப்பது எழுபதுகளில் வந்த 350 புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மேலே ஒன்று, கீழே மூன்று. புது வண்டியில் பழகினவர் கையில் சாவியைக் கொடுத்தால் முதல் சிக்னலிலேயே பிரேக்குக்குப் பதில் கியரை மிதிப்பார். போர்வை போர்த்தி வைக்கிற வண்டி இல்லை. காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்கும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேலைக்கும் போய் வருகிற வண்டி. போதாததற்கு உப்புக் காற்று. கடலோரத்தில் குரோம் பூச்சு எத்தனை மாதம் தாங்கும் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஊர் விஷயத்தை முதலில் பேசிவிடலாம். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்களைக் கோத்து இறக்கியது எண்ணூரில். 1955இல் அந்தக் கம்பெனிதான் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை எங்கள் திருவொற்றியூரில். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். ஒரே வருஷத்தில் இத்தனை. ரெட்டிச்சில் கதவை மூடிய பிறகும் இங்கே புல்லட் நிற்கவில்லை. இன்னும் வடக்கே போனால் சோழவரம். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் விட்ட இடம். இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வரும்வரை ஊர் ஜனம் அங்கேதான் போய்க் கத்தியது.

இவ்வளவும் கூவத்துக்கு வடக்கே. நான் போய்ப் பார்த்த கண்காட்சி எல்லாம் கூவத்துக்குத் தெற்கே. இதில் சதி ஒன்றும் இல்லை, தெரியும். பெரிய பங்களா, பெரிய ஷெட், பெரிய கார் எல்லாம் அந்தப் பக்கம். ஆனால் அந்தக் கார்களில் பல, விழாவுக்கு முந்தின மாதம் எந்தப் பட்டறையில் நிற்கின்றன என்று விசாரித்துப் பாருங்கள். தொழிற்சாலை இருந்தால் அதைச் சுற்றி லேத், பிளேட்டிங், வெல்டிங் கடைகள் முளைக்கும். தொழிற்சாலையில் வேலை பார்த்தவரிடம் தொழில் பழகிய பையன் தனிக் கடை போடுவான். வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் சந்துக்குச் சந்து இருப்பது அந்தப் பரம்பரைதான்.

என் வண்டியின் டேங்கையே எடுத்துக்கொள்கிறேன். வாங்கும்போது இடது பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒடுங்கியிருந்தது. பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் அரை நாள் வேலை; பளபளவென்று இருக்கும்; இரண்டு மழைக்காலம் போனால் பட்டி உப்பிக்கொண்டு வரும். ராயபுரத்தில் ஒரு டிங்கர் பாய் இருக்கிறார். அவர் பட்டி டப்பாவைத் தொடவே இல்லை. முதலில் டேங்கைப் பலமுறை கழுவி, தண்ணீர் நிரப்பி ஊறப் போட்டார். உள்ளே பெட்ரோல் ஆவி கொஞ்சம் தங்கியிருந்தாலும் கேஸ் வெல்டிங் நெருப்புக்கு வெடிக்கும். பிறகு அடித்தகட்டைக் கீறித் திறந்து, உள்ளேயிருந்து சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி எடுத்தார். ஒவ்வொரு சுற்றுத் தட்டலுக்கும் பிறகு எண்ணெய்த் துணியை டேங்கின் மேல் போட்டு, துணியோடு சேர்த்து உள்ளங்கையால் ஒரு இழுப்பு. கண் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை மட்டும் போகும். எனக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகத் தெரிந்தது. "இன்னும் அரை நூல் எழும்பி நிக்குதுபா" என்றார். நான் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. பெயின்ட் அடித்து வெயிலில் நிறுத்தினபோது பார்த்தேன், எதிர் வீட்டு ஜன்னல் கம்பி டேங்கில் வளையாமல் விழுந்தது.

டேங்கின் மேல் ஓடுகிற தங்கக் கோடும் இப்படித்தான். புல்லட்டின் கோட்டைக் கம்பெனியில் இன்றும் ஆள்தான் தூரிகை பிடித்து இழுக்கிறார். ஸ்டிக்கர் இல்லை, அளவுகோல் இல்லை. அதற்கு 'மெட்ராஸ் ஸ்ட்ரைப்ஸ்' என்று பெயர் வைத்து உலகம் முழுக்கச் சொல்லி விற்கிறார்கள். கம்பெனியே கையைக் காட்டிப் பெருமைப்படும்போது கண்காட்சிக்கு என்ன தயக்கம்?

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்கலாம். எங்களால் முடியாது. மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த தண்ணீர் எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. தண்ணீர் வடிந்த அன்று எங்கள் தெரு மெக்கானிக்குகள் முதலில் செய்தது, வண்டியை உதைக்க வந்தவர்களைத் தடுத்து நிறுத்தியதுதான். எஞ்சினின் அடி நட்டைக் கழற்றினால், தண்ணீர் கலந்த ஆயில் பால் ஊற்றின டீ மாதிரி வெளுத்து வந்தது. அதோடு உதைத்திருந்தால் பேரிங், பிக் எண்டு எல்லாம் போயிருக்கும். இன்று உங்கள் பலகைக்குப் பின்னால் 'நல்ல நிலையில்' நிற்கிற வண்டிகளில் சிலதும் அப்படிப் பிழைத்தவையாக இருக்கலாம். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்பரேட்டரின் ரப்பரும், பெட்ரோல் டேப்பின் தக்கையும் இந்த எரிபொருளை நினைத்துச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், கடற்கரை ஊரில் டேங்குக்குள் துரு சீக்கிரம் பிடிக்கும். இதற்கெல்லாம் மாற்று கண்டுபிடித்துக்கொண்டிருப்பது கம்பெனி இல்லை, பட்டறை.

அடுத்தது மதிப்பெண் சமாசாரம். ஒரு கண்காட்சியில் நண்பருடைய விஜய் சூப்பர் ஸ்கூட்டருக்கு நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். காரணம், ஒரு பாகம் கம்பெனி பாகம் இல்லையாம். கம்பெனி எங்கே ஐயா இருக்கிறது? அதைச் செய்த லக்னோ ஸ்கூட்டர்ஸ் இந்தியாவை மூட 2021இல் மத்திய அரசே ஒப்புதல் கொடுத்தாயிற்று. பாகம் கிடைக்காத வண்டிக்குப் பாகத்தைச் செய்து போட்டால் அதிக மதிப்பெண் அல்லவா தர வேண்டும்? அளவெடுத்து, இரும்பு தேர்ந்தெடுத்து, கடைந்து, பொருந்தவில்லை என்று தூக்கிப் போட்டு மறுபடி கடைந்த பாகம் அது.

பெரம்பூர் லோகோ பட்டறை செய்ததைப் பாருங்கள். இஐஆர் 21 என்ற நீராவி எஞ்சின் 1855இல் இங்கிலாந்தில் செய்தது. 1909இல் ஓய்வு பெற்று ஒரு நூற்றாண்டு காலம் காட்சிப் பொருளாகவே நின்றது. பல பாகங்கள் காணாமல் போயிருந்தன. 2010இல் பெரம்பூர் ஆட்கள் இல்லாத பாகங்களைச் செய்து, அதைத் தண்டவாளத்தில் ஓடவிட்டார்கள். பாகம் புதிது, ஆகவே எஞ்சின் செல்லாது என்று யாராவது சொன்னார்களா? ஊரே திரண்டு கை தட்டியது. அந்த நியாயம் ஸ்கூட்டருக்கும் உண்டு.

சட்டத்தின் பார்வை வேறு என்பது தெரியும். 2021இல் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளைத்தான் 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிந்த பிறகு அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று மட்டும் எடுக்கலாம். தினமும் ஓட்டுகிறவன் அந்தப் பக்கம் போகவே மாட்டான். சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டே ஓட்டுகிறான். 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு அந்தக் கட்டணம் 2025இல் 2,000 ரூபாய் ஆகிவிட்டது. அதையும் கட்டிவிட்டுத்தான் ஓட்டுகிறான். இப்படி ஓடுகிற வண்டிகளுக்கு உங்கள் போட்டியில் தனிப் பிரிவு வையுங்கள். சேத்தக், ஆர்எக்ஸ் 100, ராஜ்தூத், டிவிஎஸ் 50 எல்லாம் வரட்டும். ஓட்டிக்கொண்டே மைதானத்துக்குள் வர வேண்டும், லாரியில் ஏற்றி வந்தால் சேர்க்கக் கூடாது. (காசிமேட்டில் மீன் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்கு எஞ்சின் வைத்துக் கொண்டுவருகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். அது சட்டப்படி செல்லாது, நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.)

பெருமையைக் காட்டும் விழா எங்களுக்குப் புதிதில்லை. ஆயுத பூஜை அன்று இந்தப் பக்கம் வந்து பாருங்கள். பட்டறை வாசலில் வாழைக்கன்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், கழுவித் துடைத்து நிறுத்திய வண்டி வரிசை, பொரி கடலை, பூசணிக்காய். நம்ம வண்டிக்குத்தான் மாலை பெரிதாக இருக்க வேண்டும் என்று அவரவருக்குள் போட்டி. ஆனால் முதல் பொட்டு வண்டிக்கு இல்லை. பலகையில் வரிசையாக அடுக்கின ஸ்பானர், சுத்தி, அரம், வெல்டிங் டார்ச் ஆகியவற்றுக்குத்தான் சந்தனமும் குங்குமமும் முதலில். பூசணிக்காய் சுற்றுவது மெக்கானிக். வண்டிக்காரர்கள் ஒதுங்கி நிற்பார்கள். எங்கள் விழாவில் முறை இப்படி.

பலகையில் இடம் போதாது என்று சொல்லிவிடாதீர்கள். விளம்பரதாரர் பெயருக்கு இடம் இருக்கிறது. டிங்கர், லேத், பெயின்டர், மெக்கானிக் என்று போட்டுப் பெயரும் ஊரும் எழுதினால் இரண்டு வரிக்கு மேல் போகாது. உரிமையாளரே எல்லா வேலையும் பார்த்திருந்தால் அவர் பெயரை இரண்டு தடவை எழுதுங்கள், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். விண்ணப்பப் படிவத்திலேயே இதைக் கேட்டுவிட்டால் முடிந்தது. எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வரும். நல்ல மெக்கானிக்கை யாரும் ஊருக்குச் சொல்வதில்லை. சொன்னால் கூட்டம் சேர்ந்து நம் வண்டி வரிசையில் பின்னுக்குப் போய்விடும். அந்தப் பயத்தில் சிலர் கட்டத்தை நிரப்பாமல் விடுவார்கள். நிரப்பாத படிவத்தை வாங்காதீர்கள்.

ஒரு முறையாவது வடக்கே வையுங்கள். பெரம்பூர் பக்கம் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய வண்டி பார்க்கக் குழந்தைகளோடு ஜனம் ஏற்கெனவே வருகிற இடம், கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் இந்தப் பக்கம் மாநகராட்சி மைதானங்கள் இருக்கின்றன. விம்கோ நகர் வரை 2021 முதல் மெட்ரோ ஓடுகிறது, ஆகவே தூரம் என்று சொல்ல முடியாது. தேதி என்னைக் கேட்டால் ஆயுத பூஜைக்கு அடுத்து வரும் ஞாயிறு. வண்டிகள் கழுவின கையோடு பளிச்சென்று இருக்கும். வண்டிகளை வரிசையாக நிறுத்த, கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள, தண்ணீர் பந்தல் போட இங்கே பையன்கள் தயார்.

நேரம் மட்டும் காலை வேண்டாம். ஞாயிறு காலைதான் பட்டறைகளில் கூட்டம். வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் அன்றைக்குத்தான் வண்டியைக் கொண்டுவருவார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் என்றால் கடையைச் சாத்திவிட்டு வரலாம். அழைப்பிதழை வண்டிக்காரர்களிடம் கொடுத்தனுப்பாமல் பட்டறைக்கே வந்து கொடுங்கள். டிங்கர் பாயிடம் பேசிப் பார்த்தேன். "வெயில் தாழ வெச்சா வரேன், ஆனா பரிசு கிரிசுன்னு மேடைல ஏத்தக் கூடாது" என்று நிபந்தனை போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
திருவொற்றியூர் புல்லட்காரன் ஒருவன்