குளக்கட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பான அங்கத்தவர்களுக்கு,

கோயில் குளத்தின் மண்கட்டைத் திருத்தும் வேலை ஆவணியோடு முடிந்துவிட்டது. கச்சான் ஓயுமுன் மண்வேலை முடிந்ததில் சபைக்குப் பெரிய நிம்மதி. வரவு செலவைப் பொருளாளர் தனியாக இணைத்திருக்கிறார். காசு எதற்குப் போனது என்பதை இங்கே சொல்கிறோம்.

இக்குளத்து நீர் வயலுக்குப் போய் நெடுநாளாயிற்று. இப்போது பிள்ளைகள் நீந்துவதும் படகு விடுவதும், பெரியவர்கள் பின்னேரம் கட்டின் மேல் நடப்பதும்தான். "பன்னிரண்டடிக் கட்டுக்கு இவ்வளவு செலவா?" என்று தை மாதக் கூட்டத்தில் பலர் கேட்டீர்கள். பொறியியலாளர் அதை உயர் ஆபத்து வகுப்பில் போட்டபோது எங்களுக்கும் மனம் நொந்தது. பழைய கட்டைக் குறை சொல்கிறார் என்றே எண்ணினோம்.

அவர் எங்களைக் கட்டின் மேல் நிற்க வைத்து, கீழே இருப்பதை எண்ணச் சொன்னார். 14 வீடுகள், ஒரு பாலர் பாடசாலை. ஆபத்து வகுப்பு கட்டின் பலத்தைச் சொல்வதில்லை, கட்டு போனால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்வது என்று அப்போதுதான் விளங்கியது. கீழே வெறும் பற்றை என்றால் தாழ்ந்த வகுப்பு. பயிரும் வீதியும் மட்டும் சேதமாகும் என்றால் நடுத்தரம். உயிர் போகக்கூடும் என்றால் கட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் உயர் வகுப்புத்தான். நாம் சிறுவராக இருந்தபோது அங்கே வயல். கட்டு அப்படியே இருக்க, கீழே மனிதர் குடிவந்துவிட்டார்கள்.

குளக்கோட்டன் மன்னன் கட்டியதாக நாம் சொல்லிவரும் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தது நம் மாவட்டத்தில்தான். அந்தப் பெருங்குளத்தோடு நம்முடையதை ஒப்பிட முடியாது. ஆனால் மண்கட்டு பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் போகிறது. வெள்ளம் மேலால் வழியும், இல்லையேல் கசிவு உள்ளுக்குள் மண்ணை அரித்துக் குழாய் போல வழி எடுக்கும்.

முதலாவதற்காக, மிகை நீர் வெளியேறும் வானை அகலப்படுத்தி, கட்டின் பள்ளங்களை மண்ணிட்டு நிரவினோம். அதில் சிக்கல் இருக்கவில்லை. இரண்டாவதுதான் எங்களை அலைக்கழித்தது. கட்டின் அடியில், நீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில் எப்போதும் ஈரம். அந்தக் கசிவைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பார்த்தோம். தெளிந்த நீர் என்றால் பெரும்பாலும் பயமில்லை. எங்கள் போத்தலின் அடியில் ஒரு விரல் தடிப்புக்கு மண் படிந்தது. சரி, இனிப் பேச்சுக்கு இடமில்லை என்று அன்றே வேலையைத் தொடங்கினோம். கசியும் இடத்தில் முதலில் மணல், அதன்மேல் சிறுகல், அப்புறம் பெருங்கல் பரப்பினோம். நீர் வெளியேறும், மண் நின்றுவிடும். இப்போது போத்தல் தெளிவாக இருக்கிறது.

கட்டின் மேல் நின்ற மருதமரத்தை வெட்டியதற்குச் சிலர் இன்னும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதன் நிழலில் வளர்ந்தவர்கள் நாங்களும்தான். ஆனால் மரம் பட்டால் வேர் உக்கி, அந்த வேரின் வழியே நீர் ஓடும். அதனால்தான் வெட்டியதோடு விடாமல் பெக்கோ இயந்திரம் பிடித்து அடிக்கட்டையையும் எடுத்து, களிமண்ணை ஆறு அங்குலப் படைகளாக இட்டு இடித்து நிரப்பினோம். உடும்பு வளைகளும் அப்படியே அடைக்கப்பட்டன. கட்டுக்கு வெளியே, வீதி ஓரமாகப் புது மருதங்கன்றுகள் நட்டிருக்கிறோம்.

கட்டின் இரு முனையிலும் கல் நட்டுள்ளதால் இனி உழவு இயந்திரம் ஏறாது. நடைக்குத் தடையில்லை.

வேலை முடிந்தாலும் வகுப்பு மாறவில்லை, கீழே வீடுகள் இருக்கும்வரை மாறவும் மாட்டாது. ஆகவே மாரி முழுவதும் தினமும் இருவர் கட்டைச் சுற்றிப் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். கசிவு கலங்கினால் கோயில் மணி விடாமல் அடிக்கப்படும். அந்த 14 வீட்டாரும் மணி கேட்டதும் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏற வேண்டும். முறைப்பட்டியலில் ஐப்பசி, கார்த்திகை இரவுகளுக்கு இன்னும் ஆறு பேர் தேவை. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும்போது பெயர் தாருங்கள்.

திருப்பணிச் சபை
திருகோணமலை