பனி உருகும் வாரங்களையும் அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நீர்மின்சாரக் கட்டுரை, ஒரு சராசரி எண்ணைக் காட்டி, குளிர்நாட்டு அணைகளின் நீர்த்தேக்கங்கள் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்கிறது. வெப்பமண்டல நீர்த்தேக்கங்களைவிட அவை பொதுவாகக் குறைவாக வெளியிடுவது உண்மைதான். ஆனால் கோடையில் மட்டும் படகில் சென்று அளந்துவிட்டு ஆண்டுக் கணக்குப் போட்டாலும் எண் குறைவாகவே வரும். இந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்ய நினைக்கும் மாணவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கனடாவின் வட கியூபெக்கில் நீர்த்தேக்கங்கள் ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள் பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கின்றன. மூழ்கிய மண்ணும் இலைச்சருகும் அப்போதும் மட்கிக்கொண்டுதான் இருக்கும். வெளியேற வழியில்லாமல் கரியமில வாயுவும் மீத்தேனும் நீரில் கரைந்து சேரும். வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்ததும் அதில் பெரும்பகுதி குறுகிய காலத்தில் காற்றில் கலந்துவிடும். அந்த நாட்களில் பனியில் நடக்கவும் முடியாது, படகும் போகாது. அளவீடு விட்டுப்போவது அதனால்தான்.

இதற்கு வழி உண்டு. குளிர்காலக் கடைசியில், பனி இன்னும் ஆளைத் தாங்கும்போதே துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் நீர் எடுக்க வேண்டும். புட்டியில் காற்றுக்குமிழி தங்கக் கூடாது. ஒரு சிரிஞ்சில் 30 மில்லி நீரும் அதே அளவு காற்றும் எடுத்து நன்றாகக் குலுக்கினால் கரைந்த வாயு மேலே வந்துவிடும்; அந்தக் காற்றை ஆய்வகத்தில் சோதிக்கலாம். குலுக்கும்போது நீரின் வெப்பநிலையையும், எடுத்துக்கொண்ட காற்றில் முன்பே இருந்த வாயுவின் அளவையும் குறிக்காவிட்டால் கணக்கு தவறும். பனி போனபின் மீண்டும் அளந்தால் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். குறைந்த மீத்தேன் முழுவதும் காற்றுக்குப் போனதாகவும் எழுதிவிடக் கூடாது. ஒரு பங்கை நீரிலுள்ள பாக்டீரியாக்கள் கரியமில வாயுவாக மாற்றிவிடும். ஒரு பங்கு டர்பைன் வழியாகக் கீழே போயிருக்கும். அதனால் மின்நிலையத்துக்கு மேலும் கீழும் மாதிரி எடுப்பது அவசியம்.

கோடை அளவீட்டிலும் ஒரு குறை அடிக்கடி நேர்கிறது. நீரின் மேல் கவிழ்த்து மிதக்கவிடும் பெட்டிக்குள் வாயு சீராக ஏறாமல் திடீரென்று எகிறினால், பலர் அந்த அளவையே தள்ளிவிடுகிறார்கள். அடியிலிருந்து வந்த மீத்தேன் குமிழியாக அது இருக்கலாம். ஆழம் குறைந்த விரிகுடாக்களில் தலைகீழ் புனல்களை மூழ்கவைத்துக் குமிழிகளைத் தனியே பிடிப்பதே சரி.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, நீர் தேங்குவதற்கு முன் அந்த நிலம் என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வி. கியூபெக்கின் ஈஸ்ட்மெய்ன்-1 நீர்த்தேக்கம் சுமார் 600 சதுர கிலோமீட்டர். 2005 நவம்பரில் நிரப்பத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே அங்கிருந்த காடு, சதுப்பு, ஏரி, ஆறு எல்லாவற்றிலும் அளந்திருந்ததால், அணையால் கூடியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. முதலாண்டில் வெளியேற்றம் மிக அதிகம்; அடுத்தடுத்த ஆண்டுகளில் வேகமாக இறங்கியது. ஒன்டாரியோவின் பரிசோதனை ஏரிப் பகுதியில் 1993இல் ஒரு சதுப்பு நிலத்தை வேண்டுமென்றே மூழ்கடித்தபோது, கார்பனைச் சேமித்துவந்த இடமே அதை வெளியிடும் இடமாக மாறியது. கரிச்சதுப்பு மண் திட்டுத்திட்டாக மிதந்தும் வந்தது.

ஏற்கெனவே நிரம்பிவிட்ட நீர்த்தேக்கத்தில் ஆய்வு செய்பவர், பக்கத்தில் மூழ்காமல் இருக்கும் அதே வகைக் காட்டையும் சதுப்பையும் அளந்துதான் ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்ததை ஆய்வேட்டில் தெளிவாக எழுதவும் வேண்டும். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2019 வழிகாட்டியும் 20 ஆண்டுக்குட்பட்ட நீர்த்தேக்கங்களையும் அதைவிடப் பழையவற்றையும் தனித்தனியாகவே கணக்கிடச் சொல்கிறது.

கட்டுரையாளர் தந்துள்ள சராசரி எந்த வயது நீர்த்தேக்கங்களுடையது, பனி உருகும் காலம் அதில் சேர்ந்திருக்கிறதா என்பதை அடுத்த இதழில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீரியல் துறை வாசகர் ஒருவர்