கார் வராது, காற்று வரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் பிரான்ஸின் மிதி (Midi) கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை ஆசையைக் கிளப்பும்படி இருந்தது. ஆனால் துலூஸில் தொடங்குங்கள், வழியெல்லாம் மரநிழல், சமதரை என்பதால் எந்த சைக்கிளும் போதும் என்று அது சொல்வதை அப்படியே நம்பிக் கிளம்புகிறவர் சிரமப்படுவார். கார் வராத பாதை என்பது உண்மைதான். சுலபமான பாதை என்பதுதான் இடிக்கிறது.

துலூஸிலிருந்து முதல் 50 கி.மீ. நல்ல தார்ப் பாதை. சரளைப் பாதையில் ஓட்டவென்றே வந்தவருக்கு அங்கே என்ன வேலை? 240 கி.மீ. கால்வாயில் கடைசி 34 கி.மீ.யும் அதற்கு அப்பால் உள்ள காயல்களும்தான் பார்க்க வேண்டிய பகுதி. பெசியே ஊர்வரை ரயிலில் போய், ஃபோன்செரான் மதகுகளில் தொடங்கலாம். படகுகள் படிப்படியாக 21.5 மீட்டர் இறங்கும் இடம் அது. கிளம்புமுன் மேற்கே பத்து கி.மீ.க்குள் இருக்கும் மல்பா குன்றுக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. 165 மீட்டர் நீளத்தில் 1679-இல் குடைந்த கால்வாய்ச் சுரங்கம் அங்கே உண்டு. அதே குன்றுக்குள் ரயில் சுரங்கம் ஒன்று, மோந்தாதி காயலின் நீரை வடிக்க 13-ஆம் நூற்றாண்டில் தோண்டிய வடிகால் ஒன்று. குன்றின் மேலிருந்து பார்த்தால், வற்றவைத்த அந்தக் காயல் சக்கரத்தின் ஆரங்கள்போலப் பிரிந்த வயல்களாகத் தெரியும். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லாதது குறையே.

மரநிழலுக்கு வருவோம். கரையோரம் பிளேன் என்ற நிழல் மரங்கள் சுமார் 42,000 இருந்தன. 2006-இல் இந்தக் கால்வாயில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் கண்ட மரத்துக்கு மருந்து கிடையாது; வெட்டி எரிப்பது ஒன்றே வழி. வேர் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பரவுவதால் பக்கத்து மரங்களும் சேர்ந்து போகின்றன. புதிய கன்றுகளை நட்டு வருகிறார்கள் என்றாலும், பல இடங்களில் மொட்டை வெயில்தான். ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசியில் போவதே புத்திசாலித்தனம். அக்டோபரில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை உண்டு. வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. மரம் நிற்கும் இடங்களில் வேர்கள் பாதையைக் குறுக்கே தூக்கியிருக்கும். பழைய பாலங்களின் வளைவுக்கு அடியில் பாதை சட்டென்று குறுகி இறங்கும், எதிரே வருபவர் தெரியமாட்டார். மணி அடித்து, தலை குனிந்து போக வேண்டும்.

இந்தப் பயணத்தை நடத்துவது கால் அல்ல, காற்று. பிரனீஸ் மலைக்கும் நடு பிரான்ஸின் மேட்டு நிலத்துக்கும் இடைப்பட்ட வாய்க்குள் நெருக்கிக்கொண்டு வடமேற்கிலிருந்து வருவது திராமொந்தான். ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்குவது மிஸ்ட்ரால். காயல் ஓரத்தில் மறைப்பே கிடையாது. சமதரையில் எதிர்க்காற்று மலை ஏறுவதைவிட மோசம். மலைக்கு உச்சி என்று ஒன்றாவது உண்டு. ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே போவதே பொதுவாகச் சரி. கடலிலிருந்து ஈரக்காற்று வீசும் நாளில் மட்டும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பெசியே, அக்த், செத், ஃப்ரொந்தினியான் எல்லாம் ஒரே ரயில் தடத்தில் இருப்பதால், எந்த முனையில் தொடங்குவது என்பதைக் காலையில் காற்றைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

அக்த் ஊரின் வட்ட மதகைத் தாண்டி, மர்செய்யான் அருகே கால்வாய் தோ காயலில் கலக்கிறது. இங்கே இரண்டு வழி. கடலுக்கும் காயலுக்கும் இடையிலான மணல் திட்டு வழியாகச் செத் வரை 12 கி.மீ. போகலாம். அழகுதான், ஆனால் வழுவழுப்பான பாதை. அதன் முடிவில் செத் நகரின் வாகன நெரிசலும் உண்டு. சரளை டயர் போட்டவர் வடகரையைப் பிடிப்பதே மேல். பினே ஊரைச் சுற்றிப் பிக்பூல் என்ற வெள்ளைத் திராட்சைத் தோட்டங்களும், அவற்றை நேர்கோடாக வெட்டிச் செல்லும் ரோமானியர் காலத்து வீதியும் இருக்கின்றன. கி.மு. 118 வாக்கில் போட்ட தொமித்தியா வீதி, இங்கே இன்று வெறும் மண் தடம். கீழே காயலில் சிப்பி வளர்ப்புச் சட்டங்கள். மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு என்பதால் சிப்பிகளைச் சிமென்ட் வைத்துக் கயிற்றில் ஒட்டி நீருக்குள் தொங்கவிடுகிறார்கள்.

தோட்டத் தடங்கள் மழைக்குப் பின் களிமண். கரிசல் காட்டில் மழை பெய்த மறுநாள் சைக்கிள் தள்ளியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மண் அப்பி, சக்கரம் நின்றுவிடும். அப்போது வம்பாக மிதித்தால் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்து உடையும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் அது வேறு வடிவம், சிற்றூர்க் கடையில் கிடைக்காது. கையோடு ஒன்று கொண்டுபோக வேண்டும். கோடையின் தொடக்கத்தில் கொடிகளுக்குத் தாமிர, கந்தக மருந்து தெளிப்பார்கள். டிராக்டரைக் கண்டால் காற்று வரும் பக்கமாக ஒதுங்கி நிற்பது நலம். செப்டம்பரிலிருந்து வேட்டைக் காலம் என்பதால் பளிச்சென்ற சட்டை அவசியம்.

இனி டயர். 40 முதல் 45 மி.மீ. அகலம், டியூப் இல்லாத வகை, ஒவ்வொன்றிலும் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் 60 மி.லி. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு முன் டயரில் 30 பவுண்டு, பின் டயரில் 34 பவுண்டு காற்று போதும். சீலன்ட் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பாதையோரக் காய்ந்த புல்லில் கிடப்பது நம் ஊர் நெருஞ்சியேதான். கோடை முடிவில் காய் முற்றினால் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே நிமிர்ந்து நிற்கும். ஓய்வெடுக்கும்போது சைக்கிளைப் புல்லில் சாய்க்கக் கூடாது. குத்தினால் முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினால் சீலன்ட் ஓடிவந்து அடைத்துக்கொள்ளும். டியூப் போட்டிருப்பவர் புது டியூபை மாட்டுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்க வேண்டும். உடைந்த முனை ஒன்று உள்ளே இருந்தாலும் அடுத்த கி.மீ.யிலேயே மறுபடி பஞ்சர்.

ஃப்ரொந்தினியானுக்குப் பின் மகுலோன், பலாவாஸ் வரை இருபுறமும் காயல், நடுவே ரோன்-செத் கால்வாய். நிற்கும் பூநாரைகள் நம் கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வரும் அதே இனம். அப்பால் எக்-மோர்த் பக்கம் திராட்சை மணலிலேயே வளர்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் கொடிகளை அழித்த ஃபைலொக்ஸெரா பூச்சியால் மணலுக்குள் நகர முடியவில்லை. இந்தத் தோட்டங்கள் தப்பின. பூச்சியைத் தடுத்த மணல் சைக்கிளையும் தடுக்கும். காற்றை 25 பவுண்டுக்கு இறக்கி, எடையைப் பின்னே தள்ளி, லேசான கியரில் விடாமல் மிதிக்க வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்பினால் விழுந்தீர்கள். கெட்டித் தரை வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கல்லில் ரிம் அடிபடும்.

நேரம் இருப்பவர் ரோன் ஆற்றின் கழிமுகமான கமார்க்கின் கடல் அணையையும் சேர்த்துக்கொள்ளலாம். சிறு ரோன் ஆற்றைக் கட்டணமில்லாத சொவாஜ் படகில் கடந்து, செந்த்-மரி ஊரிலிருந்து கிழக்கே காஷோல் கலங்கரை விளக்கம் வரை சுமார் 12 கி.மீ.; கார்களுக்கு அனுமதி இல்லை. வழியில் குடிநீர் கிடையாது, ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். பொழுது சாய்ந்தால் கொசு பிடுங்கும். செயினுக்கு ஈர எண்ணெய் போட்டால் மணல் ஒட்டிப் பற்களை அரைத்துவிடும். மெழுகு வகையே நல்லது. அன்றிரவே நல்ல தண்ணீரால், பீய்ச்சி அடிக்காமல், சைக்கிளைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் இரண்டே நாளில் உப்பு போல்ட்டுகளில் துரு ஏற்றிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், கோயம்புத்தூர்