பாஷை தெரியாதவன் படும் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலைப் படித்து முடித்த கையோடு ‘விசாரணை’ படத்தைப் போன வாரம் மறுபடியும் பார்த்தேன். கோவையில் ஆட்டோ ஓட்டியவர், ஆந்திராவின் குண்டூர் போலீஸிடம் தான் பட்டதையே எழுதியிருக்கிறார், அதனால்தானோ என்னவோ அடியை விட அடுத்த அடிக்காகக் காத்திருப்பதுதான் அதிகமாக வலிக்கிறது. வெற்றிமாறனின் படம் (2015) இரண்டாம் பாதியில் நாவலை விட்டு வேறு கதைக்குப் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் முதல் பாதிதான் கனம், சண்டைக்கு வராதீர்கள்.

அந்த நீதிமன்றக் காட்சி! குண்டூரில் பிடிபட்டு, தெலுங்கு தெரியாமல் முழிக்கும் தமிழ்ப் பையன்கள் பேசுவதை ஒரு தமிழ் அதிகாரி எடுத்துச் சொன்ன பிறகுதான் அது நீதிபதி காதிலேயே விழுகிறது.

இங்கே கோலாலம்பூர் செந்தூலில், தமிழ்நாட்டிலிருந்து வந்து ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) போடும் ஒரு தம்பியை ராத்திரி ரோட்டில் மறித்துப் பாஸ்போர்ட் கேட்டார்கள். அது முதலாளியிடம் இருக்கிறது என்று மலாயில் சொல்லத் தெரியாமல், பாக்கெட்டிலிருந்த ரூம் சாவியை எடுத்து நீட்டினான். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன். இத்தனைக்கும், அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது மலேசியாவின் 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம்.

சரி, ஒரு வேண்டுகோள். கைதானவர் உறவினரையும் வக்கீலையும் தொடர்பு கொள்ளலாம் என்கிறது நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு. அதை எளிய தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்களேன், கத்தரித்து அவன் கடைச் சுவரில் ஒட்டிவிடுகிறேன்.

வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்